யாரும் மறிக்காத கார்

புத்தூரில் என் எதிர்வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டியவர். கட்டையான உருவம், நரைத்த மீசை. நம்மோடு பேசும்போதும் காரையேதான் பார்ப்பார். 1960-இல் மாநில எல்லையை மாற்றி வகுத்ததில் திருத்தணி மதராஸோடு போய், புத்தூர் ஆந்திராவிலேயே நின்றபோது, எல்லை தாண்ட இனித் தனி பர்மிட் வேண்டும் என்றார்கள். அன்று கோபத்தில் காரைப் படுதா போட்டு மூடியவர், ஒரு வருஷத்துக்கு மேல் தொடவில்லை.

ஒருநாள் காலையில் காருக்கு அடியில் படுத்திருந்தார். பழைய என்ஜின் ஆயில் தார்போலக் கறுத்து, தகர டின்னில் வடிந்துகொண்டிருந்தது.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே" என்றேன்.

"எதுக்கு? இந்தக் கையால எத்தினி தபா மாத்திகீறேன். பொண்ணு திருத்தணில மாசமா கீது சார். பிரசவத்துக்கு இட்டுக்கினு வரணும்."

"எல்லையில் நிறுத்திவிட்டால்?"

"நிறுத்தட்டும். பெத்த பொண்ண இட்டாறதுக்கு எவன்கிட்ட கேக்கணும்?"

ஸ்பேனரை முறுக்கிய வேகத்தில் கை வழுக்கி, விரல் முட்டியில் ரத்தம் வந்தது. லுங்கியில் துடைத்துக்கொண்டு புது ஆயிலை ஊற்றினார். கார் கிளம்பும்வரை முன்பக்கம் மாட்டிய ஸ்டார்ட்டிங் கைப்பிடியைச் சுற்றினார்.

சாயங்காலம் மகளோடு திரும்பினார். வழியில் தொந்தரவு உண்டா என்று கேட்டேன்.

"ஒருத்தனும் கை காட்டல சார். செக்போஸ்ட்டுக்காரன் பீடி குடிச்சிக்கினு இருந்தான். ஏறெடுத்துக்கூடப் பாக்கல. இத்தப் போய் ஒரு வருஷம் மூடி வச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு டயரை ஓங்கி உதைத்தார். காலையில் இருந்ததைவிட முகம் சிவந்திருந்தது. அந்தக் கோபம் யார்மேல் என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்குள்ளேயிருந்து மகள் "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நகரவில்லை.