பூசையில் வைத்த நகல்

கருப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. ஆயுத பூசையன்று, சர்வர் அறைக்குள், சரசுவதி படத்துக்கு முன்னால், ஸ்க்ரூடிரைவருக்கும் பழைய கீபோர்டுக்கும் நடுவில் சாமந்திச் சரத்தைச் சுற்றிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருந்திருக்கவே கூடாது. கொண்டுவந்து வைத்தவரோ, அதை அந்தக் கட்டடத்துக்குள் அப்படி வைக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டவர்.

திருப்பதியில் ஒரு தனியார் புற்றுநோய் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்துபோகிறவன். அவர் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பிறந்த வீடு நகரிப் பக்கம், விவசாயக் குடும்பம். வேலையில் இருவரும் ஒரே படிதான் என்றாலும் வயதில் மூத்தவர், அதனால் அக்கா. எனக்கு வாய் நீளம். எதையாவது சொல்லிச் சீண்டிக்கொண்டே இருப்பேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் ஒரு கணினியிலும், ஒவ்வொரு நோயாளிக்கும் கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்று டாக்டர்கள் கணக்கிட்ட திட்டம் இன்னொரு கணினியிலும் இருந்தன. கணினி என்றால் கையால் தொடக்கூடியவை இல்லை. இரண்டு மூன்று பெரிய சர்வர்களுக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் உருவமற்ற கணினிகள். வி.எம். என்போம். அதில் ஒரு வசதி உண்டு. முழுக் கணினியையும் அப்படியே நகலெடுத்து வைக்கலாம். பழுதாகிப் போனால் நகலிலிருந்து மறுபடி எழுப்பிவிடலாம். அந்த நகல்கள் அக்காவின் பொறுப்பு.

பேக்கப், அதாவது நகலெடுப்பு, முடிந்ததும் திரையில் பச்சை டிக் விழும். மற்ற இடங்களில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்காவுக்கு அது போதாது. மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு வி.எம்.மை எழுப்பி, நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அழிப்பார். "எய்ந்து நின்னாதான்பா பேக்கப்பு. பச்சையா இருக்கறதெல்லாம் பயிராவாது" என்பார். சர்வர் அறையில் இருக்கும் நகல் தவிர, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் மாற்றி மாற்றி மருத்துவமனையின் சித்தூர்க் கிளைக்குப் போகும். சாப்பாட்டுப் பையில் துண்டு சுற்றி அவரே எடுத்துப்போவார். ஒன்று சித்தூர்ப் பீரோவுக்குள் போன பிறகுதான் இன்னொன்று அங்கிருந்து கிளம்பும். இரண்டும் சேர்ந்து சர்வர் இருக்கும் கூரைக்கடியில் ஒரு பொழுதும் இருக்கக் கூடாது. "வெத நெல்ல முச்சூடும் ஒரே வூட்லயா வப்பாங்க?" என்று கேட்பார்.

அந்த ஆண்டு அவருடைய கணவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. லாரி ஓட்டுநர், நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் மருத்துவமனையிலேயே கதிர்வீச்சு, அவர் சொல்வதுபோல் கரண்டு வைப்பது, தொடங்கிப் பாதி முடிந்திருந்தது. தலை அசையாதிருக்க முகத்துக்கென்று வார்த்த வலைமூடியை மாட்டி அவரைப் படுக்கவைப்பார்கள். வெளியே வந்ததும் கன்னத்தில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும் தடத்தைக் காட்டி, "பாத்தியா தம்பி, கொசுவல வாங்கிக்கினு வந்துட்டேன்" என்று கரகரத்த குரலில் கேலி செய்வார்.

ஆயுத பூசைக்கு ஒவ்வொரு பிரிவும் தன் கருவிகளைச் சாமி முன் வைக்கும். மற்ற ஆண்டுகளில் சித்தூர் டிஸ்க்குக்கு அக்கா குங்குமத்தை மட்டும் பொட்டலம் கட்டி எடுத்துப்போவார். அந்த ஆண்டு டிஸ்க்கையே எடுத்துவந்துவிட்டார். இன்னொன்று அனுப்புவதற்காக இங்கேயே தயாராக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் முறைத்தேன்.

"மாமாவோட கணக்கு இதுலதான் இருக்குது தம்பி. ஒரு கற்பூரம் காட்டிட்டு எட்த்துக்கினு போய்ட்றேன்."

பூசை முடிந்தது. சாயந்திரம் கிளம்பும்போது, "ஒண்ணையாவது எடுத்துக்கினு போக்கா" என்றேன். அக்கா தயங்கியதைப் பார்த்தேன். கை பாதி தூரம் போய்த் திரும்பியது. பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று மறுபூசை போட்ட பிறகுதான் எடுப்பது அவர்கள் வழக்கம். "பாதில எட்த்தா மாமாவுக்கு ஆவாதுப்பா. காலைல மொத பஸ்ஸுக்கே வந்துட்றேன்" என்றார்.

நான் காலையில் போனபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. மின்சாரம் போனால் சர்வர் அறையைத் தாங்கும் யு.பி.எஸ். பேட்டரிகள் இரவில் வீங்கி வெடித்து எரிந்திருந்தன. அவற்றை மாற்றச் சொல்லி அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். சர்வர்கள், அவற்றுக்குள்ளிருந்த நகல், சாமி படம், இரண்டு டிஸ்க்குகள், எல்லாம் போயின. முதல் பஸ்ஸுக்கு வந்த அக்கா ஈரக் கரிக்குள் குந்தி உட்கார்ந்து, உருகிய பிளாஸ்டிக்கை விரலால் கீறிக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

விசாரணையில் பேட்டரியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "ஆ டிஸ்க் இக்கடிகி எந்துக்கு தெச்சாரு?" என்ற ஒரே கேள்வியைத்தான் இயக்குநர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த டிஸ்க்கை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று. பழியை வேறொருவர் தலையில் போட ஒரு காரணம் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அக்கா தலையைக் குனிந்தபடியே, "தப்பேனண்டி" என்றார். தவறுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அன்றோடு வேலையும் போயிற்று.

நோயாளிகளிடம் "மிஷின் ரிப்பேர்" என்று சொன்னார்கள். எல்லாருக்கும் புதிதாக ஸ்கேன், புதிதாகக் கணக்கு. பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. மாமாவின் முறை வருவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. அதற்குள் அவர் மெலிந்துவிட, பழைய வலைமூடி முகத்தில் தளர்ந்து ஆடியது. கட்டி வளர்ந்திருந்தது. புதுக் கணக்குப் போட்டுத்தான் கதிர்வீச்சைத் தொடர்ந்தார்கள். இடைவெளியால்தானா என்று நான் டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "நோயே முரட்டு நோய். சொல்ல முடியாது" என்றார்.

மார்கழியில் சித்தூருக்கு மாமாவைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். அக்கா அதில் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஆபீசு பத்திக்கினு எரிஞ்சிதாமே தம்பி. உங்க அக்கா என் கணக்க பத்திரமா வச்சிருந்தா. அதனாலதான் மறுபடி கரண்டு வச்சாங்க. இல்லன்னா நான் அப்பவே போயிருப்பேன்."

யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவராகவே நினைத்துக்கொண்டது. அக்கா வேலையை விட்டதுகூடத் தன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று நம்பியிருந்தார். அக்கா ஊற்றுவதை நிறுத்தவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வாசல்வரை வந்து, "சொல்லிடட்டுமா தம்பி?" என்றார்.

"வாணாங்க்கா. வுட்டுடு."

தை பிறக்கும் முன்பே மாமா போய்விட்டார். அக்கா இப்போது நகரியில் தம்பி வீட்டோடு இருக்கிறார். நான் வேறு நிறுவனத்தில் அதே வேலையைத்தான் செய்கிறேன். எங்கள் தொழிலில் எது விழுந்தாலும் எதனால் விழுந்தது என்று தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அக்கா போன் செய்யும்போதெல்லாம், டிஸ்க்கைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரா என்று கேட்கிறார். தெரியாதுக்கா என்கிறேன். அவருக்கு அதுகூடப் பெரிய வலி இல்லை என்று போன வாரம்தான் தெரிந்தது.

"நெசம் தெரிஞ்சிருந்தா நாலு வார்த்த திட்டியிருப்பாரு. மூஞ்சிய திருப்பிக்கினு படுத்திருப்பாரு. அதையாவது வாங்கிக்கினு இருந்திருப்பேன்" என்றார்.

"என்ன நம்பிக்கினே போய்ட்டாரு தம்பி."