ஒரு மணி நேரம் கொதித்த பருத்திப்பால்

பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு பருத்திப்பால் கடைக்காரர் ஒருவர் இரண்டு பாட்டிலோடு வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி கலையாத சட்டை. உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். எழுந்து கைகழுவிவிட்டு வந்து மறுபடியும் துடைத்தார்.

"ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சுத்தானுங்க பாட்டில்ல அடைக்கறேன். அப்பவும் மூணாம் நாள் கெட்டுப்போகுதுங்க," என்றார்.

ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவிட்டு, பச்சைச் சாயம் ஊற்றி ஆவியில் சூடேற்றினேன். தண்ணீரில் கழுவி, சிவப்புச் சாயமும் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து அவருக்குக் காட்டினேன். இளஞ்சிவப்புக் குச்சிகளுக்குள் பச்சை மணிகள் தெரிந்தன.

"குச்சிதானுங்க பாக்டீரியா. பச்சையா இருக்கறது அதோட வித்து. கெட்டியான உறைக்குள்ள தூங்கும், கொதிச்சாலும் சாகாது. சூடு ஆறினதும் முளைச்சுரும்."

"அப்ப நான் கொதிக்க வெச்சதுல எதுதானுங்க செத்துச்சு?"

"மத்த கிருமியெல்லாம் செத்துருச்சுங்க."

மறுபடியும் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"களையெடுத்து, காட்டையே அதுக்குச் சுத்தம் பண்ணிக் குடுத்துப்போட்டேனுங்க," என்றார்.

பெரிய குக்கர் மாதிரியான கொதிகலனில், அழுத்தத்தில் வேகவைக்கச் சொன்னேன். அப்படியே செய்தார்.

இரண்டு மாதம் கழித்து ஃபோன் வந்தது.

"இப்பக் கெடறதே இல்லீங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க," என்றேன்.

"தீஞ்ச வாசம் அடிக்குதுன்னு ஒருத்தரும் வாங்கறதும் இல்லீங்க. கடையில அப்படியே இருக்குது. நல்லா இருக்குதுங்க."

குரலில் துளியும் கோபமில்லை. அவர் நன்றி சொன்னாரா, வைதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.