சாந்தாமணி வைத்த பட்டன்

சாந்தாமணி போய்விட்டார். நேற்று மாலை, பெருந்துறையில்... ஒரு வருடமாக உடம்பு முடியாமல் இருந்தாராம். எனக்குத் தெரியாது.

அவர் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்த பள்ளியின் பழைய மாணவர்கள் காலையிலிருந்து இணையத்தில் அவரைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். அழுகை வரவில்லை. எனக்கு இப்படி யாரும் எழுத மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

பொறாமைதான். இருபத்தைந்து வருடத்துப் பொறாமை... இன்றைக்காவது ஓய்ந்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தோம். அப்போது அப்படிச் சொல்ல மாட்டோம், ப்ராஜெக்ட் என்போம். நான் ஆர்.எஸ்.புரத்துப் பெண். அவர் வெள்ளகோவிலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தார். வெவ்வேறு கல்லூரியில் படித்தவர்கள் என்பதால் கடைசிவரை வாங்க போங்கதான்.

நாலு பேர் நாலு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைச் சேர்ந்து எழுதுவதற்கான சாஃப்ட்வேர் அது. இன்று எல்லோர் போனிலும் இருக்கிறது... அன்று அது ஆராய்ச்சி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பிறகு ஒரு பட்டனை அழுத்தி அடுத்தவருக்கு முறையைக் கொடுக்க வேண்டும்.

சோதனைக்காகக் கல்லூரி ஆபீஸிலிருந்து நாலு பேரை உட்காரவைத்து, ஆண்டுவிழா அழைப்பிதழ் எழுதச் சொன்னோம். நடுவில் அட்டைத் தடுப்பு. பேசக் கூடாது என்று கண்டிஷன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தடுப்புக்கு மேலே தலைகள்.

“ஏனுங்க சார், நீங்க ஆரம்பிங்க.”

“அட, மேடம் இருக்கறப்ப நானுங்களா? மேடத்துக்கு அனுப்பிப்போட்டேன்.”

“ஐயோ, எனக்கு வேண்டாமுங்க. வேலுச்சாமியண்ணன் அடிக்கட்டுமுங்க.”

“நான் சும்மா பாக்கறனுங்க...”

ஒரு மணி நேரத்தில் ‘அன்புடையீர்’ மட்டும் வந்திருந்தது.

நான் ப்ரோக்ராமில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, கம்ப்யூட்டரே முறை வைத்து ஒவ்வொருவராக எழுதக் கூப்பிடும்படி மாற்றினேன். பெருமையாக இருந்தது. அடுத்த சோதனையில் திரையில் தன் பெயர் வந்ததும் அட்டெண்டர் வேலுச்சாமியண்ணன் சுட்டதுபோல் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நான் கேக்கவே இல்லீங்களே அம்மணி...”

சாந்தாமணி நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏனுங்கண்ணா, உங்களுக்கு எப்பத்தானுங்க எழுதத் தோணும்?”

“எல்லாரும் எழுதி முடிக்கட்டுமுங்க. ஏதாச்சும் உட்டுப்போயிருந்தா நான் சொல்றேன்.”

மறுநாள் திரையில் புதிதாக ஒரு பட்டன். ‘எழுதலாமுங்களா?’

அதை அழுத்தினால் ஓரத்தில் சின்னக் கட்டம் திறக்கும். அதில் எழுதுவதைப் பார்த்து மற்றவர்கள் ‘எழுதுங்க’ என்று அழுத்தினால் பக்கத்துக்குள் வந்துவிடும். அவ்வளவுதான். நாலு பேரும் சிரித்துச் சிரித்து அழுத்தினார்கள். டீ வருவதற்குள் அழைப்பிதழ் முடிந்தது. தலைமை தாங்குபவர் பெயர் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தது வேலுச்சாமியண்ணன்!

அன்று மதியம் நான் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன்.

பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். எங்களில் ஒருவருக்கு அங்கே அடுத்த ஆறு மாதம் இடம் உண்டு என்றார். “இது யாரோட ஐடியா?” என்று கேட்டார்.

சாந்தாமணி என்னையும் சேர்த்துக் கையைக் காட்டினார். “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுங்க சார்.”

அதுதான் இன்னும் எரிந்தது. எனக்குப் பாதி வேண்டியிருக்கவில்லை... முழுதும் வேண்டியிருந்தது. வந்தவர் தேர்ந்தெடுத்தது சாந்தாமணியை.

அந்த வாரம் சாந்தாமணியின் அப்பா ஊரிலிருந்து வந்தார். மகள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரம், வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்.

“ஏங்கண்ணு, எனக்கு அந்த ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. நீ கூடவே இருக்கற புள்ள. இவளத் தனியா உடலாமா, நீயே சொல்லு.”

பெங்களூரில் லேடீஸ் ஹாஸ்டல் எங்கே, வார்டன் யார், ஆபீஸுக்கு எந்த பஸ்... எல்லாம் எனக்கு மனப்பாடம். இடம் எனக்குத்தான் என்று நினைத்து முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

“கஷ்டமுங்கப்பா. எங்க ஊட்லயெல்லாம் உட மாட்டாங்க.”

“அப்படியா கண்ணு...” என்றார். பிறகு பையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். “அம்மாகிட்டக் குடு.”

சாந்தாமணி போகவில்லை. அடுத்த பெயர் என்னுடையது. எங்கள் வீட்டில் ஸ்டேஷன் வரை வந்து ரயிலேற்றிவிட்டார்கள்.

பெங்களூரில் எல்லோரும் அந்தப் பட்டனைப் பற்றித்தான் கேட்டார்கள். நீங்கள் செய்ததா என்பார்கள். ஆமாம் என்பேன். இன்னொருவர் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பல வருடம் கழித்து ஒரு முறை போனில் பேசினோம். அவரே கூப்பிட்டிருந்தார். “எங்க அப்பா உங்களை அடிக்கடி கேப்பாருங்க. அந்தப் புள்ள ஒளிக்காம உள்ளதைச் சொல்லுச்சும்பாருங்க” என்றார். குரலில் கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா... அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இன்று காலை பொறாமைப்பட்டேன். ‘மிஸ் எங்களைத் திட்டினதே இல்லை’ என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான், அதைப் பார்த்துக்கூட.

சாந்தாமணியின் அப்பா இன்னும் இருக்கிறாராம். எண்பதைத் தாண்டிவிட்டது. மகள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாராம்.

நான் பஸ்ஸில் இருக்கிறேன். அவினாசி தாண்டிவிட்டது. இந்தப் பதிவை அவர் படிக்கப்போவதில்லை, அதனால் உள்ளதை நேரில்தான் சொல்ல வேண்டும். அவர் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

போய் வாங்க, சாந்தாமணி.