சிரித்தால்தான் எடுக்கும்

என் சித்தி ஒரு சலவைக்கடையின் முன்மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். துணியை வாங்கி, கறையைப் பார்த்து, டோக்கன் எழுதிக் குத்தி உள்ளே அனுப்புவது அவள் வேலை. கறையை அவள் கண்ணால் பார்ப்பதைவிட மூக்கால் பார்ப்பது அதிகம். ஒருமுறை ஒரு மேசை விரிப்பை முகர்ந்துவிட்டு, "காப்பி. அதுவும் சர்க்கரை போடாத காப்பி. வீட்டுல சண்டையா?" என்று கேட்டு, கொண்டுவந்த பெண்ணை அங்கேயே அழவைத்துவிட்டாள்.

மூன்று வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நான் அவள் வீட்டில் வந்து இறங்கினேன். இரண்டாம் நாளே ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தேன்.

"காலு சும்மா இருக்காதுன்னா கடைக்கு வாடி. ஹேங்கர்லயாவது சட்டை மாட்டு" என்றாள்.

அங்கேதான் அந்தக் கேமராவைப் பார்த்தேன். சோப்புப் பெட்டி அளவில் மலிவான டிஜிட்டல் கேமரா. முதன்முதலாகப் படம் எடுப்பவர்களுக்கானது என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. வாங்கிக் கொடுத்தவர் முதலாளி. அவர் பள்ளிக்கூடச் சீருடையில் கடைக்குள் ஓடித்திரிந்த காலத்திலிருந்தே சித்தி அங்கே இருப்பதால், அவர் இவளுக்குத் தம்பி, இவள் அவருக்கு அக்கா. ஆனாலும் முதலாளி முதலாளிதான்.

"எந்தத் துணி வந்தாலும் கறையோட ஒரு படம் எடுத்து வைங்கக்கா. 'இது உங்க கடையில பட்ட கறை'ன்னு ஏற்கெனவே ரெண்டு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க. மூணாவதா ஒருத்தர் வந்து, நம்மகிட்ட பதில் இல்லேன்னா, இந்த நாற்காலிக்கு வேற ஆள் பார்த்துடுவேன். அக்கான்னும் பார்க்க மாட்டேன்."

அந்த உயரமான நாற்காலியை விட்டால் சித்திக்குப் போக்கிடம் கிடையாது. விடுமுறை நாளில் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்து, "காலரைத் தேய்க்கவே இல்ல பாரு" என்று ஜன்னல் வழியாகக் கத்துபவள் அவள். தினமும் வீட்டில் இருந்தால் தெருவே காலி செய்துகொண்டு போய்விடும்.

கேமரா வந்த முதல் நாள் ஒரு திரைச்சீலையை விரித்து வைத்து அவள் பொத்தானை அழுத்தினாளாம். சின்ன விளக்கு மினுக்கியதே தவிர, படம் விழவில்லை. கேமராவைத் தட்டினாள், உலுக்கினாள், ஊதினாள். இதைப் பார்த்த இஸ்திரிக்காரர், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தார். 'க்ளிக்.' படத்தில் திரைச்சீலை, கறை, அதற்குமேல் இஸ்திரிக்காரரின் முப்பத்திரண்டு பற்கள்.

"அப்படியா சங்கதி! இதுக்குச் சிரிச்ச மூஞ்சி வேணும்" என்று சித்தி முடிவு கட்டிவிட்டாள்.

சிரித்த முகம் தெரிந்தால் தானாக எடுக்கும் வசதி ஒன்று அதில் இருந்தது. பெட்டியைப் பிரித்தபோது யார் விரல் பட்டதோ, அது இயங்க ஆரம்பித்துவிட்டது. கேமரா என்றாலே இப்படித்தான் என்று கடையே நம்பியது. முதலாளி மட்டும் எத்தனை முறை நின்றாலும் படம் விழுவதில்லை. அவர் ஜாதகத்தில் சிரிப்பு கிடையாது.

நான் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முந்நூற்றுக்கும் மேல் இருந்தன. எல்லாவற்றிலும் மனிதர்கள் தங்கள் அழுக்குத் துணியைக் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கியவர்கள் போலச் சிரித்தார்கள். பூனை வாந்தியெடுத்த போர்வையோடு ஒரு கிழவர். மை கொட்டிய ஒரே நல்ல சட்டையோடு ஒரு குமாஸ்தா.

"சித்தி, இதை அணைச்சு வெச்சுக்கலாமே!"

"அணைச்சா எப்படிடி எடுக்கும்?"

நான் விளக்குவதற்குள் வாடிக்கைக்காரரான ஒரு வக்கீல் வந்துவிட்டார். கறுப்புக் கோட்டை மேசைமேல் விரித்தார். முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன.

"பின்பக்கச் சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சீங்க. என் கோட்டை அதுல சாய்ச்சு வெச்சிருக்கீங்க. எனக்குப் புதுக் கோட் வேணும்."

"ஐயையோ, வக்கீல் சார், கோடு போட்டுத்தானே கொண்டுவந்தீங்க? ஏதோ பெயின்ட் காயாத பெஞ்சுல சாஞ்ச கறை. முழுசாப் போகாதுன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றாள் சித்தி.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். சித்தி அவசரமாகக் கேமராவில் வக்கீலின் படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள். கோட், மூன்று கோடு, மேலே வக்கீலின் சிரிப்பு. முதலாளி மூச்சுவிட்டார்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தின் ஓரத்தைப் பார்த்தார். "தேதி என்னம்மா போட்டிருக்கு? பத்து வருஷத்துக்கு முந்தி, ஜனவரி ஒண்ணு. அப்ப நான் சட்டமே படிக்கல. கோட்டுக்கு எங்க போவேன்?"

தேதியை யாருமே சரிசெய்யவில்லை. எல்லாப் படங்களிலும் அதே ஜனவரி ஒன்று. நான் அதைச் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்ப இது என்னைக்கு எடுத்த படம்னு யாருக்கும் தெரியாது. போன வாரம் முதலாளி இல்லாதப்ப கோட்டை வாங்க வந்து சண்டை போட்டேனே, அப்பக்கூட எடுத்திருக்கலாம்" என்றார் வக்கீல்.

"சண்டை போடறவர் சிரிப்பாரா?" என்றார் உள்ளேயிருந்து இஸ்திரிக்காரர்.

"சும்மா இருய்யா" என்றார் முதலாளி. பிறகு சித்தியின் பக்கம் திரும்பி, "அக்கா…" என்று இழுத்தார். அந்த இழுப்பில் நாற்காலி பாதி போய்விட்டது.

சித்தி படத்தை மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்துவிடுவாளோ என்று பயந்தேன். பெரிதாக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள். திரை முழுவதும் வக்கீலின் வாய்.

"வக்கீல் சார், கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

"அன்னைக்கும் இப்படித்தான் வாயை மூடிட்டு நின்னீங்க. கேமரா எடுக்கவே இல்ல. பல்லு தெரிய சிரிங்கன்னு நான்தான் பாடாப்படுத்தினேன். 'முன்பல் விழுந்துருச்சும்மா, நாளைக்குத்தான் கட்டப் போறேன்'னு சொல்லிட்டு, பாவம், சிரிச்சீங்க."

திரையில் அந்த ஓட்டை ஒரு வாசலைப் போலத் திறந்திருந்தது. எதிரே நின்ற வக்கீலின் வாயில் முன்பல் புத்தம்புதிதாக, மற்ற பற்களைவிட ஒரு பங்கு அதிக வெள்ளையாக இருந்தது.

"கோட் குடுத்தது திங்கக்கிழமை. பல்லு கட்டினது செவ்வாய்க்கிழமை. பெயின்டர் வந்ததே வியாழக்கிழமை. பல்லு இல்லாத படத்துல கறை இருக்கு சார். கட்டினது எதிர்க்கட்டிட டாக்டர்தானே? அவர் அங்கியும் இங்கதான் வெளுக்குது. கூப்பிட்டு நாளைக் கேட்டுடலாமா?"

வக்கீல் நாக்கால் புதுப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கோட்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து, "இன்னொரு தடவை போட்டுப் பாருங்கம்மா" என்று தணிந்த குரலில் சொன்னார்.

"பார்க்கறேன். மறுபடி வாங்கினா மறுபடி படம். கோட்டைப் பிடிங்க, சார்." பொத்தானை அழுத்தி, கேமராவைத் தூக்கிப் பிடித்தாள். "இப்பத்தான் பல்லு இருக்கே, தாராளமாச் சிரிங்க."

வக்கீலுக்கு உதடு பிரியவே இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற முதலாளிக்கு என்ன ஆனதோ, முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, கடைசியில் வாய் காதுவரை போனது.

'க்ளிக்.'

எல்லோரும் திரையில் எட்டிப் பார்த்தோம். முதலாளி திடுக்கிட்டு முகத்தைப் பழையபடி இறுக்கிக்கொண்டார்.

"அதை அழிச்சிடுங்கக்கா."

"எப்படி அழிக்கறதுன்னு எனக்குத் தெரியாதே, தம்பி" என்று சித்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இவ ஊரெல்லாம் சுத்தினவ. இவளைக் கேளுங்க."

எனக்கும் தெரியாது என்றேன்.