முன் இடது டயர், முப்பத்து மூன்று பவுண்டு

பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. பதினெட்டு வருடமாகிறது. ஏதாவது ஒரு குழாயில் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிட்டதாகத் திரை காட்டினால், முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். “அக்கா, மீட்டர் பொய் சொல்லுது போல, கொஞ்சம் வந்து பாருங்க லா” என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கும். அதனால் பிடிக்காத எண் எதைப் பார்த்தாலும் முதலில் மீட்டரைத் திட்டுவது எனக்கு ஊறிப்போன வழக்கம்.

எனக்கும் என் கணவருக்கும் ஒரே ஒரு பைத்தியம் பொதுவாக இருந்தது. ஆட்டோகிராஸ். பெரிய கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சு கோன்களை அடுக்கி வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொரு காராக விடுவார்கள். குறைந்த நேரத்தில் முடிப்பவர் கெட்டிக்காரர். பரிசு என்று பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதற்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைப்பவர்களைப் பார்த்து என் அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

எங்களிடம் இருந்தது ஒரே கார், பழைய முன்சக்கர இழுவைக் கார். அதை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். அவர் எண் ஏழு, என் எண் பதினேழு. முதலில் அவர் மூன்று சுற்று ஓட்டி முடிப்பார். இறங்கியதும் கதவில் இருக்கும் ஏழுக்கு முன்னால் கறுப்பு டேப்பில் ஒரு ஒன்றை ஒட்டுவார். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்துவேன். ஓடிய டயர் சூடாகும், சூடானால் உள்ளே காற்று விரியும், விரிந்தால் டயர் உப்பிப் பிடி விட்டுப்போகும். அதனால் ஏறிய காற்றைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டுத்தான் நான் ஏறுவேன். ஒவ்வொரு முறையும் அவர் அதே வாக்கியத்தைச் சொல்வார்: “சூடாக்கி வச்சிட்டேன், நீ போய்ட்டு வா.”

காற்றுக் கணக்குக்கு ஒரு நோட்டு வைத்திருந்தோம். இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு. அவர் பக்கம் எப்போதும் ஆறிய டயரில் தொடங்கும், இருபத்தெட்டு பவுண்டு. என் பக்கம் எப்போதும் சூடான டயரில் தொடங்கும். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் ஆறிய டயரில் ஓட்டியதில்லை.

அவர் போய் ஏழு மாதம் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது.

அவர் போனதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் தலை கனக்கிறது என்றார். வீட்டில் இருந்த ரத்த அழுத்த மிஷினைக் கையில் கட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது. நான் என்ன செய்தேன்? மிஷினைத் திட்டினேன். மலிவுச் சாமான், பேட்டரி வீக், பட்டையைச் சரியாகக் கட்டவில்லை, நீங்கள் இப்போதுதானே படியேறி வந்தீர்கள். பேட்டரியை மாற்றினேன். என் கையில் கட்டிப் பார்த்தேன். மறுபடி அவர் கையில் கட்டினேன். மூன்றாவது தடவை நூற்று அறுபதுக்குக் கீழே வந்தது. எனக்குப் பிடித்த எண் அது, அதை எடுத்துக்கொண்டேன். “மிஷின்தான் மக்கர் பண்ணுது. லீவு அன்னிக்கு கிளினிக் போலாம்” என்றேன். அவர் சிரித்தார். மறுநாள் துறைமுகத்தில் உடை மாற்றும் அறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

மிஷின் கெட்டுப்போயிருந்தது என்றே எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதம் தூங்கி எழுந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு, கெலாங் பாத்தாவைத் தாண்டி ஓர் இடத்தில் ஆட்டோகிராஸ் என்று தகவல் வந்தது. கட்டி முடித்தும் ஆள் குடிவராத அடுக்குமாடிகள் ஐந்தாறு, அவற்றுக்கு நடுவே பெரிய கார் நிறுத்துமிடம். ஒரு பால்கனியில்கூடத் துணி காயவில்லை. அங்கே ஒரு கார் உறுமினால், கொஞ்சம் தாமதித்து அந்தச் சுவர்களுக்குள்ளிருந்தும் ஒரு கார் உறுமும். அது எதிரொலிதான். அங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் அது தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் கலையவில்லை. முந்தின நாள் மத்தியானமே லாரியில் ஏற்றிக் காரை அங்கே கொண்டுவந்து போட்டிருந்தேன். ஆகவே டயர் நன்றாக ஆறியிருந்தது. நாலு டயருக்கும் இருபத்தெட்டு வைத்தேன், நோட்டில் அவர் பக்கம் சொல்லும் எண். டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். ஓட்டும்போது டயர் எவ்வளவு மடங்கிச் சாய்கிறது என்பதைக் கோடு அழிந்த அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பழக்க தோஷத்தில் கதவில் ஏழை மட்டும் ஒட்டிவிட்டேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு பாதையை நடந்து பார்க்கப் போனேன்.

என்னோடு நடந்தவர் பத்து பாகாட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன். எங்கள் இருவருக்கும் பல வருடப் பழக்கம். கடைசித் திருப்பம் வலது பக்கம் இறுக்கமாக வளைந்தது. அதன் வெளி ஓரத்தில், ஆறடி தூரத்தில், விளக்குக் கம்பத்தின் சிமெண்டு அடித்தளம். “இங்க மட்டும் இடது டயர் கழண்டுச்சுன்னா, நேரா அதுலதான் போய் முட்டணும். பார்த்து போ தங்கச்சி” என்றார் அண்ணன்.

அப்போதுதான் கேட்டது. அடுக்குமாடிகளுக்குள்ளிருந்து ஒரு காரின் உறுமல். இரண்டாம் கியரில் ஏறி, தயங்கி, மறுபடி ஏறியது. நான் சுற்றிலும் பார்த்தேன். எந்தக் காரும் ஓடவில்லை. ஓட்டுபவர்கள் எல்லோரும் பாதையில் நடந்துகொண்டிருந்தோம்.

“அண்ணே, கேக்குதா?”

“கடலுக்கு மேல போற ரெண்டாவது பாலத்துல லோரி போகுது லா” என்றார்.

லாரி அப்படித் தயங்காது. திருப்பத்துக்கு முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிப்பது ஒருவருடைய கெட்ட பழக்கம். அதற்காக நான் அவரை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

காருக்குத் திரும்பினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சக்கரத்தருகே குந்தினேன். முன் இடது டயரில் சாக்பீஸ் கோடு பாதி இல்லை. ஒரு சுற்று ஓடி வந்த டயரில் அழிகிற அளவுக்கு, ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை அழிந்திருந்தது. பனி சொட்டி அழித்திருக்கும் என்று நினைத்தேன். டயரைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. அதுவரை கையில் ஐஸ் போட்ட தே ஓ, அதாவது பால் விடாத டீ, கட்டிய பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தேன், சில்லிட்ட கைக்கு எதுவும் சூடாகத்தான் தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மீட்டரை வைத்தேன். முப்பத்து மூன்று.

வலது முன் டயர் முப்பத்தொன்று. பின் டயர் இரண்டும் இருபத்தொன்பது. வெயில் பட்டு ஏறியது என்றால் ஒரு பக்கமாக ஏறியிருக்க வேண்டும், வெயிலோ இன்னும் வரவே இல்லை. முன்னால் அதிகம், அதிலும் இடதில் அதிகம், பின்னால் கொஞ்சம். வலது திருப்பங்கள் நிறைந்த பாதையில் ஒருவர் முழு மூச்சாக ஓட்டிவிட்டு வந்தால்தான் இந்த எண்கள் வரும். நோட்டின் இடது பக்கத்தில் அவர் ஓட்டி முடித்த பின் குறித்தவை முழுக்க இதே எண்கள்தான்.

மீட்டர் கெட்டுவிட்டது. என் மனம் அதைத்தான் முதலில் சொன்னது.

அதற்குள் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். “அலாமாக், முப்பத்து மூணா? ஓட்டாத காருக்கா? மீட்டர் போச்சு தங்கச்சி. இரு, என்னுத கொண்டாறேன்.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மனதுக்குள் நானே அடுக்கிவைத்த பட்டியல் எனக்குக் கேட்டது. பனி, ஐஸ் பை, மீட்டர். பேட்டரி, பட்டை, படி. அதே குரல், அதே வேகம்.

நான் எடுக்க வேண்டிய முடிவு சின்னதுதான், ஆனால் தப்பினால் தப்பியதுதான். மீட்டர் சொல்வது மெய்யானால் நாலு பவுண்டு பிடுங்க வேண்டும். மீட்டர் பொய்யானால், ஆறிய டயரில் மிஞ்சுவது இருபத்து நாலுதான். அந்தக் கடைசித் திருப்பத்தில் காற்றுக் குறைந்த டயர் சக்கர விளிம்பை விட்டுக் கழன்றால், எதிரே சிமெண்டு.

“வேணாம் அண்ணே” என்றேன். “மீட்டர் சரியாத்தான் இருக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் வால்வு முள்ளை அழுத்தி, இடது டயரை இருபத்தொன்பதுக்கு இறக்கினேன். நாலையும் நோட்டின் வலது பக்கக் கணக்குப்படி சரிசெய்தேன். பிறகு டேப்பைக் கிழித்து, ஏழுக்கு முன்னால் ஒன்றை ஒட்டினேன். அது கோணலாகத்தான் ஒட்டியது.

ஆறிய டயர் முதல் இரண்டு திருப்பத்துக்குச் சறுக்கும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கார் முதல் கோனிலிருந்தே தரையைக் கவ்விப் பிடித்தது. கடைசித் திருப்பத்தில் கம்பம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து விலகியது. டயர் ஒரு முனகல்கூட முனகவில்லை. எனக்குப் பின்னாலேயே இன்னொரு கார் உறுமிக்கொண்டு வந்தது. எதிரொலிதான். நான் நின்ற பிறகும் அது கொஞ்சம் ஓடிவிட்டு நின்றது.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை, அது எனக்குத் தெரியும். மீட்டர் கெட்டிருந்தாலும் சரி, நானே கவனமில்லாமல் காலையில் அதிகம் காற்றடித்திருந்தாலும் சரி, இறக்கி வைத்த இருபத்தொன்பது ஆறிய பிறகும் இருபத்தொன்பதாகவே இருக்கும். டயர் அப்போது மெய்யாகவே சூடாக இருந்திருந்தால் மட்டும், ஆறியதும் எண் விழும். காரை மறுபடி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓர் இரவு முழுக்க அதைத் தொடாமல் விட்டேன்.

காலையில் பால் பொங்குவதற்குள் வெளியே போய் மீட்டரை வைத்தேன். இருபத்து நாலரை.

வீட்டுக்குள் ஒரு டிராயர் இருக்கிறது. இன்னொரு டயர் மீட்டர் அதில்தான் கிடக்கிறது. அந்த ரத்த அழுத்த மிஷினும் அதில்தான். வழக்கம்போல என் கால் அந்தப் பக்கம் நகர்ந்தது. வாசற்படியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

நோட்டைத் திறந்து இடது பக்கத்தில் முப்பத்து மூன்று என்று எழுதினேன். வலது பக்கத்தில் இருபத்தொன்பது. கீழே, ஆறியபின் இருபத்து நாலரை. மீட்டர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்தச் சாயங்காலமும், முதல் தடவையே, சரியாகத்தான் இருந்திருக்கிறது.