நான்கு மணிக் கூட்டத்தில் அவள் முறை

மூன்றாவது ஓ.டி.பி. எண்ணும் தம்பியின் போனுக்குத்தான் போனது. குழுவுக்குள் நுழைய அந்த ஆறு இலக்கம் வேண்டும். திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"வந்த நம்பரைச் சொல்லுடா."

"எவன் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்றான். நீ மூணு தடவை கேக்கறே."

"கேக்கறது எவனும் இல்ல. நான்."

"உன் குரல்ல எவனாவது பேசலாம்க்கா. இப்பல்லாம் அப்படித்தான்."

"உன் முதுகுல தேமல் இருக்கு. போதுமா?"

அவன் சிரித்தான். டயர்க்கடையின் காற்றுக் குழாய் சீறியது. "இரு, ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டான். நேரம் முடிந்தது.

போனை வாங்கித் தந்தவன் அவன். சிம்மும் அவன் பெயரில்தான்; குழுவுக்கான கணக்கையும் தன் எண்ணில் தொடங்கியிருந்தான். இன்று காலை, இடம் அடைச்சுக்கிட்டிருக்கு என்று அவள் போனில் எதையெதையோ அழித்துவிட்டுக் கடைக்குப் போனான். அதோடு குழுவும் போயிற்று.

குழுவில் எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். பெண்ணோடு வாழ்ந்த பெண்கள், ஆணோடு வாழ்ந்த ஆண்கள், பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லாமல் ஆயுளை ஓட்டியவர்கள். பெயர் கிடையாது. பார்த்த வேலைதான் பெயர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்ததால் அவள் எக்ஸ்சேஞ்ச். நடத்துகிறவர் கண்டக்டர், நிஜமாகவே பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர். கூச்சத்தில் கேமராவை மூடி வைப்பவர்களிடம், "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்பார்.

ஞாயிறுதோறும் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். நடுவில் யாரும் பேசக் கூடாது. இன்று அவள் முறை. ஏழு வாரம் காத்திருந்து நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

அவளோடு வாழ்ந்த நர்ஸ் செத்து எட்டு மாதம். இருபத்தாறு வருஷம் ஒரே சமையலறை, ஒரே கட்டில். சாவு வீட்டில் நர்ஸின் அண்ணன் இவளை ஆஸ்பத்திரி ஆட்களோடு உட்காரவைத்தார். "ரூம்ல கூட இருந்தவங்க" என்று யாரிடமோ சொன்னார். இவள் தலையாட்டினாள். பிறகு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தத் தலையாட்டலை நாலு பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த ஞாயிறு.

நாலேகாலுக்குக் கண்டக்டர் கூப்பிட்டார். "எக்ஸ்சேஞ்ச், இருபது பேர் உக்காந்திருக்காங்க. நாலரை வரைக்கும் வண்டிய நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல முடியாது."

நான்காவது எண்ணும் தம்பிக்குப் போனது.

"என்ன குரூப்புக்கா அது? பணம் கட்டச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப என்ன விக்கறாங்க?"

"ஒண்ணும் விக்கல. நர்ஸைப் பத்திப் பேசப் போறேன்."

"உன் ரூம்மேட்டா? அதுக்கு எதுக்குக் குரூப்பு? அவங்களப் பத்தி எங்கிட்டப் பேசேன்."

மணி நாலு இருபத்தாறு.

"ரூம்மேட் இல்லடா. என் வீட்டுக்காரி. நானும் அவளும் குடும்பம் நடத்தினோம். உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீயும் இருந்தே, நானும் இருந்தேன். நம்பரைச் சொல்லு."

காற்றுக் குழாய் ஓய்ந்தது. யாரோ அவனிடம் நட்டு எங்கே என்று கேட்டார்கள். அவன் ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தான். அவள் அழுத்தினாள்.

திரையில் வந்தது: இந்த எண் காலாவதியாகிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து முயலவும்.

"போச்சாக்கா?" என்றான் தம்பி.

"வேலையப் பாரு" என்று வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. தம்பி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினான். அவள் பத்து மணிக்குப் போன் கடைக்குப் போய்த் தன் பெயரில் ஓர் எண் கேட்டாள். புகைப்படம் ஒன்று குறைந்தது. புதன்கிழமை வரச் சொன்னார்கள். வழியில் கண்டக்டர் கூப்பிட்டார். வரிசையில் அடுத்த இடம் ஏழு வாரம் கழித்துத்தான் என்றார். சரி என்றாள். வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள். மத்தியானம் தூங்கினாள்.