ஜோங்கூ வீட்டு இரண்டு பிரவுசர்கள்

மா ஜோங்கூ எந்தப் பொருளையும் ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்ள மாட்டார். வீட்டில் டார்ச் லைட் இரண்டு, குடை நாலு, மூக்குக் கண்ணாடி இரண்டு. முதல் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்குத்தான் இரண்டாவது என்பார் அவர் மனைவி கும்ஜா அம்மாள்.

இது பாய்லர் அறையில் வந்த பழக்கம். வொன்ஜூ நகரில் எழுநூறு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முப்பத்தொரு வருடம் அவர்தான் பாய்லர்காரர். நிலவறையில் மூன்று பாய்லர்கள். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். பம்புகள் எல்லாம் ஜோடி ஜோடி. ஒன்று ஓடும், ஒன்று சும்மா நிற்கும். ஜனவரிக் குளிரில் ஓடுகிற பம்பு படுத்துவிட்டால் சும்மா நிற்கிற பம்புதான் கைகொடுக்கும். வீட்டைச் சூடாக வைக்கத் தரைக்கு அடியில் ஓடுகிற வெந்நீர் ஒரு மணி நேரம் நின்றாலும் எழுநூறு வீட்டிலிருந்தும் போன் வரும். ஜோங்கூ காலத்தில் அப்படி நின்றது இரண்டே முறை. இரண்டுக்கும் தேதி சொல்வார்.

கும்ஜா அம்மாளுக்கும் வேலை குறைவில்லை. பெண்கள் பள்ளி வாசலில் இருபத்திரண்டு வருடம் கிம்பாப் கடை. நின்றபடியே சோற்றைப் பரப்பி, கீரையும் முட்டையும் ஊறுகாய் முள்ளங்கியும் வைத்துக் கடற்பாசித் தாளில் உருட்டி, நறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கை அவ்வளவு வேகம். பழுதானதெல்லாம் முழங்கால்தான். போன குளிர்காலத்தில் இரண்டு காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. இனி தரையில் நடப்பதைவிடத் தண்ணீரில் நடங்கள், அதுதான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள குளம் அவர்கள் பஸ் போகிற வழியில் ஒன்றே ஒன்று, பேட்டை விளையாட்டு மையத்தில் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு நீர்நடை வகுப்பு. மொத்தம் இருபத்தைந்து பேர். ஏற்கெனவே இருப்பவர்கள் முதலில் புதுப்பித்துக்கொள்வார்கள். மிச்சம் விழுகிற நாலைந்து இடம், மாதா மாதம் இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் திறக்கும். திறக்கும் என்று சொல்கிறோமே தவிர, கண்ணை மூடித் திறப்பதற்குள் மூடிவிடும்.

ஏப்ரலில் ஜோங்கூ சரியாக ஒன்பதுக்கு அமுக்கினார். வீட்டுக் கம்ப்யூட்டரில் பல வருடமாக இருந்த நீல நிறப் பழைய பிரவுசர், இந்தப் பாதுகாப்பு நிரலைப் போடட்டுமா என்று கேட்டது. சரி என்றார். அடுத்ததைப் போடட்டுமா என்றது. அதற்கும் சரி என்றார். மூன்றாவதையும் போட்டு முடித்துவிட்டு, பக்கத்தை முதலிலிருந்து திறந்தது. இடம் காலி. மே மாதமும் அதே கதைதான்.

அன்றைக்குக் கும்ஜா அம்மாள் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னார்.

"எழுநூறு வீட்டுக்கு முப்பத்தொரு வருஷம் வெந்நீர் விட்ட மனுஷன். சொந்தப் பொண்டாட்டியை ஒரு குளத்துல இறக்க முடியலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்தபோது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான் எழ முடிந்தது. ஜோங்கூ அதைப் பார்த்தார்.

அந்த நீல பிரவுசரின் காலம் ஜூனோடு முடிகிறது என்று செய்தியிலும் சொல்லிவிட்டார்கள். எப்படியும் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைநகர் சியோலில் இருக்கும் மகள் சோராவுக்குப் போன் போட்டு எது நல்லது என்று கேட்டார். எல்லாம் ஒன்றுதான், ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். எல்லா பாய்லரும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் ஜோங்கூவுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மூன்று பிரவுசர்களை இறக்கிப் போட்டார். அவற்றின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டார்.

பத்து நாள் சோதனை நடந்தது. கையில் ஸ்டாப் வாட்ச். மையத்தின் பக்கம் திறக்க எத்தனை நொடி, உள்ளே நுழைய எத்தனை நொடி, விண்ணப்பப் பக்கம் வர எத்தனை நொடி என்று எழுதினார். ஆளே சேராத செவ்வாய்க்கிழமை எழுத்தோவிய வகுப்புக்குத் தன் பெயரில் விண்ணப்பிப்பது போலக் கடைசிப் படி வரை போய்த் திரும்பி வருவார். மனைவி பெயருக்கும் தனிக் கணக்குத் தொடங்கி வைத்தார். கும்ஜா அம்மாள் பார்லித் தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டு, எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்றாம் நம்பர் பணம் கட்டும் பக்கத்தில் வெள்ளையாக நின்றுபோனது, அதைக் கழித்துவிட்டார். இரண்டாம் நம்பர் நிதானம், ஆனால் ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. மூன்றாம் நம்பர் பறந்தது. அதோடு அது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து என்னவோ கேட்டது. ஜோங்கூ படிக்காமலே சரி என்று அமுக்கினார். அதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாட்டில் வங்கிக்குப் போனாலும் வரி கட்டப் போனாலும் கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் சரி என்று அமுக்கித்தான் இருபது வருடமாக எல்லோருக்கும் விரல் பழகியிருந்தது. வேண்டாம் என்று அமுக்கினால் வேலை நடக்காது.

மூன்றாம் நம்பர் ஓடட்டும், இரண்டாம் நம்பர் சும்மா நிற்கட்டும் என்று முடிவு செய்தார். ஒரு வீட்டுக்கு ஒரு பிரவுசர் போதாதா அப்பா என்று மகள் போனில் சிரித்தாள்.

ஜூன் இருபத்தாறு. எட்டே முக்காலுக்கே ஷேவ் செய்து, சட்டை மாற்றி உட்கார்ந்துவிட்டார். மனைவியின் பெயரில் உள்ளே நுழைந்து தயாராக வைத்திருந்தார். மையத்தின் கம்ப்யூட்டரில் என்ன மணி என்று நொடி நொடியாகக் காட்டும் பக்கம் ஒன்றும் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதானதும் அமுக்கினார். கூட்ட நெரிசலில் மையம் எல்லோரையும் வெளியே தள்ளி, மறுபடி உள்ளே நுழையச் சொன்னது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்லவேளை, மூன்றாம் நம்பர் பெயரையும் கடவுச்சொல்லையும் தானே நிரப்பி வைத்திருந்தது. அமுக்கினார், அமுக்கினார், அமுக்கினார். இடம் கிடைத்துவிட்டது.

"இறக்கிட்டேன் பாத்தியா" என்றார்.

மையத்திலிருந்து உறுதிச் செய்தி வந்தது. மேஜையில் இருந்த கும்ஜா அம்மாளின் போன் சும்மா கிடந்தது. அதிர்ந்தது ஜோங்கூவின் சட்டைப்பையில் இருந்த போன். மா ஜோங்கூ அவர்களே, நீர்நடை வகுப்புக்கு உங்களை வரவேற்கிறோம் என்று அதில் இருந்தது. பத்து நாளாக அவர் தட்டித் தட்டிப் பழக்கிய பெயரைத்தான் மூன்றாம் நம்பர் விசுவாசமாக நிரப்பியிருந்தது.

மையத்துக்குப் போன் போட்டார். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். பெயரை மாற்றுவதற்கு வழியில்லை, ரத்து செய்தால் அந்த நொடியே இடம் பொதுவில் திறந்துவிடும் என்றாள்.

"அதுக்குன்னே கண் கொட்டாம உக்காந்திருப்பாங்க ஐயா. ரத்து பண்றதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோங்க."

ஜோங்கூ போனை வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த இரண்டு முறை பம்பு நின்றபோதுகூட அவர் இப்படி உட்கார்ந்ததில்லை. கும்ஜா அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ அந்தச் செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு, கணவரின் தொந்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களே போங்க. மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு இருபத்தினாலு பொம்பளைங்களோட நடங்க. எனக்கு வீட்டுல பொழுது போகும்." பிறகு சிரிப்பு நின்றது. "சரி, ரத்து பண்ணா உடனே திறக்கும்னு தானே சொன்னா அந்தப் பொண்ணு. நாம புடிக்க முடியாதா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்த ஜோங்கூ நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே பிரவுசரில் இரண்டு பேர் உள்ளே இருக்க முடியாது. மனைவி நுழைந்தால் கணவர் வெளியே. ஆனால் இரண்டு பிரவுசர் இருந்தால்? மூன்றாம் நம்பரில் அவர் இருக்கலாம், இரண்டாம் நம்பரில் மனைவி இருக்கலாம். சும்மா நின்ற பம்பு அங்கேதான் இருந்தது.

உடனே செய்யப் போனவரைக் கும்ஜா அம்மாள் தடுத்தார். இப்போது வேண்டாம், பன்னிரண்டரைக்குச் செய்யலாம் என்றார். கடையில் நின்ற காலத்திலிருந்து அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஊரில் எல்லோர் கையிலும் சாப்பாட்டுக் குச்சியும் கரண்டியும்தான் இருக்கும், போன் இருக்காது.

மூன்று மணி நேரம் ஒத்திகை. திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் மூன்றாம் நம்பர், வலப்பக்கம் இரண்டாம் நம்பர். ஜோங்கூவின் விரல் ரத்து செய்யும் எண்டர் பொத்தானில். மவுஸ் கும்ஜா அம்மாளின் கையில். அதுவரை அந்த மவுஸின் மேல் தூசி துடைக்கத்தான் அவர் கை வைத்திருக்கிறார். வானிலைப் பக்கத்தைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பழகினார். வொன்ஜூவில் நாளை மழை என்று நாற்பது முறை தெரிந்துகொண்டார்கள். ஒரே முறைதான் கிளிக் செய்ய வேண்டும், குழப்பக் கூடாது என்று ஜோங்கூ திரும்பத் திரும்பச் சொன்னார்.

பன்னிரண்டரைக்கு அவர் எண்டரை அமுக்கினார். இடப்பக்கத்தில் அவர் பெயர் மறைந்தது. கும்ஜா அம்மாள் கிளிக் செய்தார். வலப்பக்கத்தில் 'இடம் இல்லை' என்று வந்தது. போச்சு என்று ஜோங்கூ கண்ணை மூடிக்கொண்டார். கும்ஜா அம்மாள் மூடவில்லை. டக் டக் டக்கென்று மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது மேஜையில் மனைவியின் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு தடவைதான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார் ஜோங்கூ.

"எங்க கடையில ஒரு தடவை கேட்டுட்டு எந்தப் புள்ளையாவது சும்மா நின்னிருக்காளா? கொடுக்கற வரைக்கும் கேப்பாளுங்க."

திரையில் தோ கும்ஜா என்று எழுதியிருந்தது. அந்த வீட்டில் மின்சாரம், போன், இணையம் எல்லாம் கணவர் பெயரில்தான். மனைவியின் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் ஜோங்கூ அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது இரண்டாம் நம்பரும் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து என்னவோ கேட்டது. காலையில் பட்டவர் ஆயிற்றே, இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"என்னவாம்?"

"தோ கும்ஜாங்கற பேரை ஞாபகம் வெச்சுக்கட்டுமான்னு கேக்குது."

கும்ஜா அம்மாள் அவர் கையைத் தள்ளிவிட்டு, தானே சரி என்று அமுக்கினார்.

ஜூலை முதல் வாரம் ஜோங்கூவும் கூடவே பஸ்ஸில் போனார். குளத்துக்கு வெளியே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். மஞ்சள் தொப்பி போட்ட கும்ஜா அம்மாள் ஓரக் கம்பியைப் பிடித்தபடி ஒரு சுற்று நடந்தார். இரண்டாவது சுற்றில் பாதி வழியில் கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தார். ஜோங்கூவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டு வரலாம் என்று எழுந்து கவுண்டருக்குப் போனார்.